அசன எண்ணெய்க்குச் சேர்த்த பாயிண்டுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டருகே அந்தப் பெரிய மளிகைக் கடை திறந்தது, வெள்ளம் வந்ததற்கு அடுத்த ஆண்டு, ஈஸ்டர் முடிந்த வாரத்தில். பில் போடும் பெண் முதலில் செல்போன் நம்பரைக் கேட்பாள். சொன்னால் வாங்கிய சாமானுக்கு ஏற்ப அதில் பாயிண்ட் ஏறும். சேர்ந்த பாயிண்டுக்குக் காசு கொடுக்காமல் சாமான் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் இருவர் மட்டுமே உள்ள வீடு. அரை வருஷம் சேர்ந்ததில் என் மனைவிக்கு ஒரு துணி சோப்புதான் கிடைத்தது.

அந்த வருஷ அசனத்தின்போது நடந்த ஒன்றை அவள் மறக்கவில்லை. சபையார் எல்லோரும் கோயில் வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது. எண்ணெய் பெண்கள் சங்கத்தின் பொறுப்பு. சங்கச் செயலாளராக அவள் வீடுவீடாக வசூலுக்குப் போனாள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை போய், மலையிலிருந்து இறங்கிவந்து எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த ஒரு பெண், உள்ளே இருந்துகொண்டே கதவைத் திறக்கவில்லை. அசனத்துக்கும் வரவில்லை. இனி யார் கதவையும் தட்டுவதில்லை என்று மனைவி அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

அவள் கண்ட வழி இதுதான். சங்கத்துப் பெண்கள் எல்லோரும் கடையில் அவளுடைய நம்பரையே சொல்ல வேண்டும். நூறு கிராம் கடுகு வாங்குகிறவளும் மாதச் சாமான் வாங்குகிறவளும் ஒரே கணக்கில் சேர்வார்கள். யாருடைய பங்கு எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. ஞாயிறு பள்ளி வசனம்போல நம்பரை எல்லோரும் மனப்பாடம் செய்தார்கள்.

சபைக் கமிட்டிக் கூட்டத்தில் அவள் இதைச் சொன்னபோது பொருளாளர் சிரித்தார். மரக்கடை வைத்திருப்பவர் அவர்.

“பாயிண்ட ஊத்தியா கறி தாளிக்கப் போறீங்க?”

“எண்ணெய் எங்க பொறுப்பு, அண்ணாச்சி. ஒரு வீட்டுலயும் வசூல் கிடையாது.”

கமிட்டி முழுவதும் கேட்க அப்படிச் சொல்லிவிட்டாள்.

அடுத்த அசனத்துக்கு முந்தைய வாரம் எண்ணெய் டின்களை எடுத்துவர இருவரும் கடைக்குப் போனோம். நம்பரை அடித்த பெண் மேலாளரைக் கூப்பிட்டாள். அவர் திரையைப் பார்த்துவிட்டு மனைவியிடம் திரும்பினார்.

“பாயிண்ட் கணக்க நிறுத்தி வச்சிருக்காங்க, மேடம். ஒரே நாள்ல இங்கன, வள்ளியூர்ல, திசையன்விளைலன்னு மூணு கடையிலயும் பில் விழுந்திருக்கு. யாவாரத்துக்கு வாங்குதீங்கன்னு நெனச்சிட்டாங்க. இது ஒரு குடும்பத்துக்கு உள்ள கணக்கு. உங்க வீட்ல எத்தன பேரு?”

“அசனத்துக்கு வாங்க, தம்பி. பந்தியில எண்ணிப் பாத்துக்கிடலாம்.”

அவர் சிரித்தார். ஆனால் பாயிண்டை விடுவிப்பது அவர் கையில் இல்லை. மேலிடத்துக்கு எழுதுவதாகவும் பதில் வர ஒரு மாதமாவது ஆகும் என்றும் சொன்னார். சங்கத்துப் பெண்களின் மகள்கள் கட்டிக்கொடுத்த ஊருக்கு அந்த நம்பரையும் கொண்டுபோயிருந்தார்கள். கடைக்கு அங்கெல்லாம் கிளை இருப்பது தெரிந்தும் எங்களுக்கு அது உறைக்கவில்லை.

வரும் வழியில், நம் பணத்தில் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றேன்.

“அப்ப அது நம்ம எண்ணெய்ல்லா ஆயிரும்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்களை நிறுத்தி, பாயிண்ட் கிடைக்காது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். சமையல் கொட்டகையில் மூடிபோட்ட அண்டா ஒன்று இருக்கும். முடிந்தவர்கள் வீட்டிலிருந்து எந்த எண்ணெயையும் கொண்டுவந்து ஊற்றலாம். பார்ப்பதற்கு ஆள் நிற்காது. அவ்வளவுதான் அறிவிப்பு.

அசனத்தன்று காலையில் பொருளாளர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“கடலெண்ணெ, நல்லெண்ணெ, தேங்காயெண்ணெ, எல்லாம் ஒண்ணாக் கெடக்கு. இதுல எதும்மா உங்க பாயிண்டு?”

எண்ணெய் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அவரே போன் போட்டு ஒரு டின் வரவழைத்தார். அன்றைக்குக் கறியில் தேங்காயெண்ணெய் வாசம் தூக்கலாக இருந்தது என்பதைக் குறித்துவைத்திருக்கிறேன்.

மாஞ்சோலைப் பெண் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். அண்டாவில் அவள் ஏதும் ஊற்றினாளா என்று தெரியாது. மனைவி அவள் இலையில் சோறு வைத்துவிட்டு, இன்னும் வேண்டுமா என்று மற்றவர்களிடம் கேட்டது போலவே கேட்டாள். கொஞ்சம் என்றாள் அவள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் என் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. திசையன்விளைக் கடையில் என் நம்பருக்குப் பாயிண்ட் ஏறியிருந்தது. நான் எந்தக் கடையிலும் என் நம்பரைச் சொன்னதில்லை; திசையன்விளைப் பக்கம் போயே பல மாதமாகிறது. மனைவியிடம் காட்டினேன்.

“ஒரு வாரத்துக்கு ஒரு ஊருன்னு பிரிச்சிருக்கோம்,” என்றாள். “இனிமே ஒரே நாள்ல விழாது.”