பச்சை மட்டி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் ஓர் அம்மாள் மட்டிச் சிப்பி விற்பார். பழவேற்காடு ஏரிக்கரையிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வருவார். உப்பில் வெடித்த கைகள், உரத்த குரல். யார் வந்தாலும் ஒரு சிப்பியைக் கத்தியால் பிளந்து, சதையைக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்வார்.

ஒருநாள் பிளந்த சதை பச்சை நிறமாக இருந்தது.

"பச்சையா கீது பாரு நைனா, இப்பதான் எட்த்தது!"

பச்சை என்றால் புதுசு என்று நம்பி, பக்கத்தில் நின்றவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கு அந்த நிறம் தெரியும். நான் வேலை பார்த்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் செம்பு முலாம் பூசும் பட்டறைகளின் சாக்கடையில் ஓடும் நிறம் அது.

"இத உங்க ஊட்ல துன்றீங்களாம்மா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறவில்லை. "ஏரி பறவைங்க எடம், வலை போடாதன்னு பாரஸ்ட்காரன் போர்டு வெச்சிகீறான். என்னைத் தொரத்துறான். உங்க கம்பெனித் தண்ணி கால்வாயில எங்க ஏரிக்கு வருது, அத்த ஒருத்தனும் தொரத்தல."

"அதுக்காக எங்களுக்கு விப்பீங்களா?"

"உங்க சரக்குதான நைனா? உங்களாண்டயே கொண்டாந்து குட்த்துட்டேன்."

அடுத்த ஆள் வந்து நின்றார். அந்த அம்மாள் இன்னொரு சிப்பியைப் பிளந்து, அவரிடம் நீட்டினார்.

"பச்சையா கீது பாரு நைனா!"