பரிசு வாங்கிய பயோடேட்டா

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்த மாயாவுக்குத் திருவொற்றியூரில் வேலை. பைக் கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு. ஆபீசில் அவளுக்குத் தமாஷ்காரி என்று பேர். மேனேஜர் தும்மினால்கூட அதற்கு ஒரு வசனம் வைத்திருப்பாள்.

போன வருஷக் கணக்கு முடிந்ததும் ஆபீசில் மாறுவேடப் பார்ட்டி என்றார்கள். எல்லோரும் பணம் சம்பந்தப்பட்ட வேஷத்தில் வரவேண்டும். வேஷத்துக்குப் பொருத்தமாக ஒரு பொய் பயோடேட்டா. அதை மேனேஜர் மைக்கில் வாசிப்பார். அதிகம் சிரிக்கவைத்ததற்குப் பரிசு.

பாதிப் பேருக்கு மாயாதான் எழுதிக் கொடுத்தாள். ஏடிஎம் வேஷம் போட்ட செக்யூரிட்டிக்கு, "பலவீனம்: அவசரத்துக்குக் காசு கேட்டால் மயக்கம் வரும்" என்று எழுதினாள். அவளுடைய வேஷம் செல்லாத ஆயிரம் ரூபாய் நோட்டு. அட்டையை வெட்டி ரோஸ் பெயிண்ட் அடித்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"உனக்கு நீயே எழுதாத. அத நான் பாத்துக்கறேன்" என்றிருந்தாள் ஷெர்லின். பக்கத்து சீட். அவள் அப்பாவுக்குக் காலடிப்பேட்டையில் மளிகைக் கடை. ஆபீசில் மாயா மனசுவிட்டுப் பேசுவது அவளிடம் மட்டும்தான்.

மாயாவின் முறை வந்தது. மேனேஜர் காகிதத்தைப் பிரித்தார்.

"பெயர்: செல்லாத நோட்டு மாயா. புழக்கத்தில் உள்ள ஏரியா: வியாசர்பாடி. தெரிந்த மொழிகள்: இன்னா, கீது, வந்துகினு."

சிரிப்பு கிளம்பியது.

"தாயார் தொழில்: கொடுங்கையூரில் சொத்து நிர்வாகம்." மேனேஜருக்குப் புரியவில்லை. "இது என்னம்மா?"

"குப்பைக் கிடங்கு சார்! அவங்கம்மாவுக்கு அங்கதான் வேலை" என்று ஷெர்லின் கத்தினாள்.

ஹாலே அதிர்ந்தது. ஒருவன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று மாயாவுக்குத் தெரிந்தது. அட்டை கழுத்தை அறுத்தது. அவளும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

முதல் பரிசு அதற்குத்தான். ஒரு ஹாட் பாக்ஸ்.

வீட்டில் அம்மா பச்சையம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எதுக்குடி குட்தாங்கோ?"

"தமாஷா எழுதுனதுக்கும்மா."

"எம் பொண்ணு எழுதி வாங்கினு வந்துகீது" என்று மாடி மாடியாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் ஷெர்லின் கேட்டாள். "ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? நீயும்தான சிரிச்ச?"

மாயா கம்ப்யூட்டரைப் போட்டு வேலையைப் பார்த்தாள்.

கம்பெனி பார்ட்டியில் எடுத்த வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட்டது. எதிர்வீட்டுச் சிவந்தி, "ஒம் பொண்ணு டிவி ஸ்டார் மாதிரி கீதுக்கா" என்று சந்தோஷமாகப் போனை நீட்டியிருக்கிறாள். பச்சையம்மா முழுசாகப் பார்த்தாள். அன்றைக்கு மாயா வந்தபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அந்தப் பொண்ணு சொன்னது இருக்கட்டும். அது யாரோ," என்றாள். "நீ ஏன்டி சிரிச்சே?"

"எல்லாரும் பாத்துகினு இருந்தாங்கம்மா. இன்னா பண்றதுன்னு தெரியல."

பச்சையம்மா தண்ணீரை வடித்து, அரிசியைக் குக்கரில் போட்டாள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மாயா ராஜினாமா எழுதப்போவதாகச் சொன்னபோது மட்டும், "வேலைய வுட்டுட்டு? பேசாம போ" என்றாள்.

மாயா போகிறாள். அதே சீட், பக்கத்தில் ஷெர்லின். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். மேனேஜர் தும்மினால் ஆபீசே இப்போதும் ஒரு நொடி அவள் பக்கம் திரும்புகிறது.

பச்சையம்மா முன்பெல்லாம் வேலைக்குப் போட்ட பச்சைக் கோட்டோடுதான் பஸ் ஏறி வீடு வருவாள். இப்போது கிடங்கு வாசலிலேயே அதைக் கழற்றி, மடித்து, துணிப்பைக்குள் வைத்துக்கொள்கிறாள். சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, அப்புறம்தான் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறாள்.