நானாட்டானிலிருந்து கீரிக்கு, ஒரு போனைத் தேடி

காலை எட்டு மணிக்கு நானாட்டான் சந்தியில் பஸ் ஏறினேன். மன்னாருக்கு ஐம்பது ரூபா. பைக்குள், துவாயில் சுற்றியபடி டச் போன். என் மகள் றீற்றா போன நத்தார்ப் பண்டிகைக்குக் குவைத்திலிருந்து அனுப்பியது. அங்கே வீட்டு வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மட்டும் வேலை வீட்டுக்காரி தன் போனைக் கொடுப்பாள். நாங்கள் இங்கிருந்து கோல் எடுக்க வழியில்லை.

இன்று வெள்ளி. போன வெள்ளி சொன்னாள்: "அம்மா, இன்னும் ரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேக்கினம். அடுத்த சனிக்கிழமை முடிவு சொல்லவேணும். வீட்டிலை கதைச்சுச் சொல்லுங்கோ."

கதைத்தாயிற்று. யுத்தம் முடிந்து மீளக்குடியேறி வந்து தறப்பாள் கொட்டிலுக்குள் கிடந்த காலம் போய், வீட்டுக்கு ஓடும் போட்டாயிற்று. இனி அவள் வரலாம். அதைச் சொல்ல வேண்டிய போன் புதன்கிழமை செத்துவிட்டது. அயலில் இரவல் கேட்கலாம்தான். கேட்டால் எங்கள் வீட்டுக் கதை பொழுதுபடுவதற்குள் ஊர்க் கதையாகிவிடும்.

பஸ் உயிலங்குளத்தால் திரும்பி, தள்ளாடி என்ற இடத்து இராணுவ முகாமைக் கடந்து, பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர். மற்ற நாளென்றால் பார்த்துக்கொண்டு வருவேன். இன்று மனம் நாலு மணியிலேயே நின்றது.

ஒன்பதரைக்கு மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் போன் கடை. கடைக்காரத் தம்பி போனைத் திருப்பிப் பார்த்தார். முதுகு ஊதி, கண்ணாடி ஒரு பக்கம் கிளம்பி நின்றது.

"பற்றரி ஊதிட்டுது அம்மா. இனிச் சார்ச்சிலை போடாதேங்கோ."

"வேறை பற்றரி போடுங்கோ தம்பி."

"இது கழட்டுற சாதி இல்லை. பசை போட்டு ஒட்டி விட்டிருக்கிறாங்கள். பற்றரியும் இஞ்ச வாறேல்லை. புதுசொண்டு எடுங்கோ."

"வாங்கி ஒரு வருஷமும் ஆகேல்லையே!"

"அதுக்கு நான் என்ன செய்ய? நானே செய்தனான்?"

விசைப்பொத்தான் போன் மூவாயிரம் ரூபா என்றார். என் கையில் அறுநூறு. கடன் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. வெளியே வந்து நின்றபோதுதான் கீரிக் கிராமம் ஞாபகம் வந்தது.

கீரியில் என் சொந்தத் தம்பி கடற்றொழில் செய்கிறான். டச் போன் வந்த அன்று என் பழைய போனை அவன் மனைவி மச்சாளிடம் நானே கொடுத்தேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எனக்கு மருந்து குடிக்கிற மாதிரி. ஓட்டோவுக்கு இருநூறு ரூபா. வழியில் கழுதைகள் றோட்டை மறித்து நின்றன. சாரதி கோன் அடிக்க அடிக்க அவை அசையவில்லை.

மச்சாள் முற்றத்தில் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ மச்சாள்! டச் போன்காரி இந்த வெயிலுக்குள்ளை என்னத்துக்கு?"

"சும்மா, உங்களைப் பாக்க."

"சும்மா வாற ஆளே நீங்கள்? தேத்தண்ணியைக் குடிச்சிட்டு உண்மையைச் சொல்லுங்கோ."

சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மடியிலிருந்து என் பழைய போனை எடுத்தாள். "ரண்டு தரம் கடல் தண்ணிக்குள்ளை விழுந்தது. ஒருக்காப் பற்றரி மாத்தினது. இன்னும் கத்துது பாருங்கோ. ஆனால் ஐஞ்சு மணிக்கு இவர் வள்ளத்திலையிருந்து கோல் எடுப்பார். அதுக்குள்ளை முடியுங்கோ."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குச் சிம்மை மாற்றப் பார்த்தோம்.

"என்ன மச்சாள், இது பாதியெல்லே கிடக்கு?"

டச் போனுக்கு அளவாக வரவேண்டுமென்று நத்தாரன்று சிம்மை வெட்டித்தான் போட்டார்கள். பழைய போனில் அது நிற்காமல் வழுகியது. முன்னுக்குப் போக வழி வைத்தவர்கள் திரும்பி வர வழி வைக்கவில்லை. மச்சாள் சவர்க்காரப் பெட்டி மட்டையைக் கத்தரித்து, சிம்மைச் சுற்றி அணை கட்டினாள். போனின் முதுகைக் கட்டைவிரலால் அமத்தினால் திரையில் சிக்னல் கோடுகள் வந்தன. விட்டால் போயின. அவளே அமத்திப் பிடித்தாள். இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருந்தோம்.

நாலு பத்துக்குப் போன் அடித்தது.

"அம்மா, என்ன முடிவு?"

"பிள்ளை, கையெழுத்து..."

முற்றத்தில் காகம் இறங்கியது. "சூ!" என்று மச்சாளின் கை தன்பாட்டில் உயர்ந்தது. போன் செத்தது.

"அட கடவுளே! காகத்தைப் பாத்து என்ரை பிள்ளையை விட்டிட்டியே!"

"கை பழகிப் போச்சு மச்சாள்..."

றீற்றாவுக்கு எது கேட்டது, எது கேட்கவில்லை என்று தெரியாது. வீட்டுக்காரி போனைத் திருப்பி வாங்கியிருப்பாளோ? இரண்டு வருஷம். மச்சாள் இரண்டு கட்டைவிரலாலும் அமத்திக்கொண்டிருந்தாள். இன்னும் நாலு காகம் இறங்கிக் கருவாட்டைக் கொத்தின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு இருபத்தைந்துக்குத் திரும்ப அடித்தது. பச்சைப் பொத்தானை அழுத்தியதும் கத்தினேன்: "போடாதை! வா!"

அந்தப் பக்கம் மூக்குறிஞ்சுவது கேட்டது.

"வாறன் அம்மா. வரேக்கை உங்களுக்கு இன்னும் நல்ல போனாக் கொண்டு வாறன்."

"கொண்டாறதெண்டால், நகத்தாலை முதுகு திறக்கிறதாப் பாத்துக் கொண்டு வா."

ஐந்தரைக்கு மன்னாரில் பஸ் ஏறினேன். போனைக் கொண்டுபோகச் சொல்லி மச்சாள் வற்புறுத்தினாள். கடலில் நிற்கிற தம்பிக்கும் அவள் குரல் வேண்டுமே, வாங்கவில்லை. எங்கள் நானாட்டானில் உழவு மெசின் நின்றால் றோட்டோரத்திலேயே பிரித்துப் பார்த்து, பூட்டி ஓட்டிக்கொண்டு போவார்கள். பிரிக்க முடியாத மெசினை ஒருவரும் வயலில் இறக்கமாட்டார்கள். விமானம் எந்த நாள் என்று றீற்றா அடுத்த வெள்ளி சொல்லுவாள். வீட்டில் இருந்தபடி கதைக்கத்தான் போன் என்றார்கள். நான் அன்றைக்கும் அதனிடம் பஸ் ஏறிப் போகவேண்டும்.