கீழ்மலையிலிருந்து வந்த எதிர்ப்பாட்டு

எங்க தேயிலைக் கொழுந்து மலையில பாட்டுன்னா ஒருத்தி எடுப்பா, நிரையில நிக்கிற அத்தன பேரும் திருப்பிப் பாடணும். கீழ்மலைக்காரிங்க அதக் கேட்டுட்டு, மெட்ட அப்படியே வச்சுக்கிட்டு வரிய மட்டும் மாத்தி எங்களையே கேலி பண்ணி அனுப்புவாளுங்க. அங்க வாக்கப்பட்டுப் போன என் தங்கச்சிதான் அதுக்கெல்லாம் தலைவி. காலையில நாங்க கங்காணியத் திட்டிப் பாடினா, மத்தியானம் அது என்னையே திட்டுற பாட்டாத் திரும்பி வரும். அப்படியொரு வாய் அவளுக்கு.

தேர்தல் முடிஞ்ச மாசம் அது. ஊருக்கு ஊர் தமிழாளுங்கள அடிக்கிறாங்கன்னு பேச்சு. தெரணியகலைக் கடைவீதியில தமிழ்ல சாமான் கேக்கவே பயமா இருந்துச்சு. அன்னைக்கு ரெண்டு மலைக்கும் நடுவுல போற ரோட்டுல, தோட்டத்துக்கு வெளிய இருந்து வந்த சிங்கள ஆளுங்க கூட்டமா நின்னாங்க. பீடி குடிச்சுக்கிட்டு, நாங்க குடியிருக்கிற லயங்களப் பாத்துக் கையக் காட்டிப் பேசிக்கிட்டாங்க.

எங்களோட கொழுந்தெடுத்த சிங்களப் பொண்ணு ஒண்ணு, எங்கள அக்கேன்னுதான் கூப்பிடும். அதோட அண்ணனும் அந்தக் கூட்டத்துல நின்னான். திடீர்னு அது பாட்டெடுத்துச்சு, எங்க தமிழ்ல:

"கூடைய எறக்குங்கடி, புள்ளையத் தூக்குங்கடி,
பொழுது சாயுமுன்னே காட்டுக்கு ஏறுங்கடி."

பழக்க தோசத்துல நாங்களும் திருப்பிப் பாடிட்டோம். பாடி முடிச்ச பிறகுதான் அது எங்களத் தப்பிச்சு ஓடச் சொல்லுதுன்னு ஒறச்சுது. அது கொழுந்த விட்டுக் கண்ணெடுக்கல. ரோட்டுல நின்னவங்களுக்குத் தமிழ் தெரியாது, சும்மா பாட்டுன்னு நெனச்சாங்க.

தங்கச்சிக்கு எப்படிச் சொல்றது? ரோட்டத் தாண்டி ஆள் போக முடியாது. கத்திச் சொன்னா இந்தப் பொண்ணு மாட்டிக்கும். அதனால கீழ்மலையப் பாத்து அதே பாட்டத் தொண்ட கிழியப் பாடினேன். கீழ பேச்சு நின்னுச்சு. கேட்டுட்டாங்கன்னு எனக்கு உசுரு வந்துச்சு. அப்புறம் தங்கச்சி கொரல் வந்துச்சு:

"காட்டுக்கு ஏறுனவளுக்குக் காட்டுப்பன்னி மாப்பிள்ளையாம்,
கல்யாணச் சோத்துக்கு எங்களையும் கூப்பிடுங்கடி."

கீழ ஒரே சிரிப்பு. ரோட்டுல நின்னவங்களும் பாட்டு புரியாமலே சேந்து சிரிச்சாங்க. நான் மறுபடி பாடினேன், மறுபடியும் பன்னிதான் வந்துச்சு. அடி கூறுகெட்டவளேன்னு பல்லக் கடிச்சேன், அழுக முட்டிக்கிட்டு வந்துச்சு. பொழுது எறங்குது, லயத்துல என் புள்ளைங்க தனியா இருக்குதுங்க. கூடையப் போட்டுட்டு ஓடினேன்.

புள்ளைங்களோட ஏறின காட்டுல இருந்து பாத்தப்ப மொதல்ல எரிஞ்சது கீழ் லயம். தங்கச்சி வீட்டுல இருந்து அவ புருசன் மட்டும் கையில வெட்டுக்காயத்தோட ஏறி வந்தாரு. லயத்துல அவளுக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டுல இருந்து தப்பிச்சவ அப்புறமா ஒண்ணு சொன்னா, அதுதான் இன்னைக்கும் எனக்குச் சோறு எறங்க விடாது. கதவ ஒடைக்கிறப்ப தங்கச்சி ரொட்டிக்கு மாவு பெசஞ்சுக்கிட்டு, மறுநாள் எனக்குத் திருப்பிப் பாட அந்தப் பன்னிப் பாட்டுக்கு இன்னொரு வரி கட்டிக்கிட்டு இருந்தாளாம்.