சிவப்பு எட்டாத ஆழம்

தீபாவளிக்கு வருவாயா என்று அக்காவுக்கு எழுதியிருந்தேன். பதிலுக்கு ஒரு படம் வந்தது. கிழக்குக்கரைத் தீவு ஒன்றில் அவள் சுற்றுப்பயணிகளுக்கு முக்குளிக்கச் சொல்லித்தருகிறாள். கடலுக்கடியில் எடுத்த அவள் படம். வருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் வேலை முடிந்து வந்த அம்மா, கைப்பையைக்கூட இறக்காமல் படத்தைப் பார்த்தார்.

"என்னாடா இது, மூஞ்சியெல்லாம் நீலம் பூத்துக் கெடக்கு? காய்ச்சலா? அங்க கிளினிக் இருக்கா இல்லியா?"

எனக்குக் குஷி தாங்கவில்லை. இயற்பியலில் எனக்குப் பிடித்த பாடமே அதுதான். "காய்ச்சல் இல்லம்மா. தண்ணி வெளிச்சத்த அப்படியே உள்ள விடாது. எறங்க எறங்க மொதல்ல செவப்ப முழுங்கிடும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்ச. நீலம்தான் ஆழத்துக்குப் போய்ச் சேரும். அங்க ரத்தம் வந்தாகூட செவப்பா தெரியாது."

கடைசி வரியைச் சொல்லியிருக்கக்கூடாது.

"தண்ணி எத வேணா முழுங்கட்டும். இவ வராளா இல்லியா, அதக் கேளுலா!"

உடனே கேட்கத் தைரியம் வரவில்லை. கைப்பேசியில் படத்தின் சிவப்பைக் கூட்டிப் பார்த்தேன். கன்னத்தில் புள்ளி புள்ளியாகப் பொரிந்ததே தவிர, அவள் முகம் வரவில்லை. கேமராவுக்கு வந்தே சேராத வெளிச்சத்தை எங்கிருந்து கூட்டுவது? தெரிந்தும் கூட்டிக்கொண்டே இருந்தேன். ரப்பர்த் தோட்டத்தில் குடியிருந்தபோது, ஈயம் தோண்டிய பழைய குட்டையில் என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவாள். கலங்கல் தண்ணீர், அவள் கால்கூடத் தெரியாது. காது மடல் மட்டும் வெயில் ஊடுருவிச் சிவந்து, என் மூக்குக்கு முன்னால் இருக்கும்.

மறுநாள் சாயங்காலம் அக்காவை அழைத்து, படத்தில் சிவப்பைக் கூட்டிப் பார்த்ததைச் சொன்னேன்.

"டேய், போன்ல மெனக்கெடாத. அடியில டார்ச்ச பக்கத்துல கொண்டு போனா எல்லா நிறமும் அப்படியே இருக்கும். செவப்புப் பவளத்தப் பாத்தா அசந்துடுவலா!"

உண்மைதான். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் கொஞ்சம் தண்ணீரைத்தான் கடக்கவேண்டும்.

"சரிக்கா, வருவியா?"

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. "சீசன் முடிஞ்சதும் தாய்லாந்துல வேல கெடச்சிருக்கு. அம்மாகிட்ட மெதுவா சொல்லு."

அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார். "என்னா சொன்னா?"

"டார்ச்சோட கிட்டப் போனா நல்லாத்தான் தெரியுமாம், அம்மா. எல்லா நிறமும்..."

அம்மா என்னிடமிருந்து கைப்பேசியை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார், திரை முழுக்க வெறும் நீலம் நிற்கும்வரை.

"அப்ப வரல," என்றார்.