கடைசிப் பக்கம் வாங்கப் போன நிந்தவூர்ப் பயணம்

தை மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை நிந்தவூருக்குப் போனேன். ஊர் பார்க்க இல்லை, ஒரே ஒரு பக்கம் வாங்கி வர. கடல் ஏன் கரையைத் தின்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் படப்புத்தகம் ஒன்றை ஒரு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறோம். எழுத்து என்னுடையது, படம் பர்ஹானாவுடையது. அவர் அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறார், வீடும் கடற்கரையில்தான். முப்பத்தொரு பக்கம் வரைந்து அனுப்பியவர் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

இந்த மாதிரிப் புத்தகங்களைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்களுக்குத் தெரியும், கடைசிப் பக்கம் எப்போதும் ஒன்றுதான்: “நீங்கள் என்ன செய்யலாம்?” மரம் நடுங்கள், குப்பை போடாதீர்கள், சிரித்த முகத்தோடு நாலு பிள்ளைகள். அது இல்லாமல் அச்சுக்கு அனுப்ப மாட்டாராம் எங்கள் பதிப்பாளர். அதை வரைய மாட்டாராம் பர்ஹானா. போனில் கதைத்துக் கதைத்து வாய் வலித்ததுதான் மிச்சம். பஸ் ஏறிவிட்டேன்.

கொழும்பிலிருந்து இரவு ஒன்பது மணி பஸ், 2,300 ரூபாய். விடிய ஐந்தரைக்குக் கல்முனை. சீற்றில் சாய்ந்து தூங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், என் கழுத்து இன்னும் நேராகவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டு, அக்கரைப்பற்று பஸ் பிடித்தால் சாய்ந்தமருது, காரைதீவு தாண்டி அரை மணித்தியாலத்தில் நிந்தவூர். மெயின் ரோட்டில் இறங்கி ஓட்டோ கேட்டேன். போனில் இருந்த வரைபடத்தைக் காட்டி, இந்தக் கடற்கரை ரோட்டால் விடுங்கள் என்றேன். ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அந்த ரோட்டு கடலுக்குள்ள போயிட்டு ராத்தா. போன்ல மட்டும்தான் இரிக்கி.”

வேறு வழியால் கொண்டுபோய் விட்டார், 200 ரூபாய். நீலக் கேற் போட்ட வீடு. போன வருடம் நான் வந்தபோது அதற்கு முன்னால் இரண்டு வீடுகள் இருந்தன. இப்போது கேற்றைத் திறந்தால் உடைந்த கிணற்று வளையம் ஒன்று, அதற்கப்பால் கடல். வாசலிலேயே நின்றுவிட்டேன். பர்ஹானா சாதாரணமாக “வாங்கக்கா, தேத்தண்ணி குடிங்க. மறுகா கதைப்பம்” என்றார்.

தேநீர் முடியுமுன் நான் ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கை வேண்டாமா என்று பெரிய நியாயமெல்லாம் பேசினேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. “நீங்களே வகுப்புல வாசிச்சுக் காட்டுங்க. புள்ளையள் ஏத்துக்கிட்டா இன்னைக்கே வரைஞ்சு தாறன்” என்றார்.

எட்டரைக்கு ஆறாம் வகுப்பில் நின்று வாசித்தேன். தாழை நடுவோம், சவுக்கு நடுவோம், கரையைக் காப்போம். நன்றாகத்தான் வாசித்தேன், பிள்ளைகள் கை தட்டினார்கள். அப்பாடா என்று பர்ஹானாவைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் முன்வரிசையில் அவருடைய மகள் ஹனான் எழும்பி, “மிஸ், இது எந்த ஊருக்கு?” என்று கேட்டாள்.

“உங்கட ஊருக்குத்தான்.”

“நாங்க அதெல்லாம் செஞ்சிட்டம் மிஸ்.”

அவ்வளவுதான். குறும்பும் இல்லை, கோபமும் இல்லை. போன வருடம் அதே பிள்ளைகள் நட்ட கன்றுகள் எல்லாவற்றையும் இந்த மாரிக் கடல் கொண்டுபோயிருக்கிறது. பர்ஹானா இதைப் போனில் எனக்குச் சொல்லியும் இருந்தார். நான்தான் கேட்டும் கேட்காத மாதிரி அந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். கையிலிருந்த தாளை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

பின்நேரம் வீட்டில் பர்ஹானா வேறொரு பக்கம் வரைந்தார். அவர்களுடைய தெருவின், அந்தச் சின்ன ஒழுங்கையின் வரைபடம்: பள்ளிவாசல், பள்ளிக்கூடம், ஒவ்வொரு வீடும். கடல் மட்டும் இல்லை. கீழே ஒரே வரி: “கடல் எங்கே இருக்கிறது? நீங்களே கோடு போடுங்கள்.” இதைவிட நல்ல விஞ்ஞானப் பாடம் உண்டா! பார்ப்போமே என்று ஹனானிடம் கொடுத்தோம்.

அவள் பென்சிலை வைத்துக்கொண்டு, “புத்தகம் எப்ப மிஸ் கைக்கு வரும்?” என்றாள்.

“அடுத்த வருடம்.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அடிமட்டம் வைத்துக் கோடு போட்டாள். அவர்களுடைய வீட்டுக்கு மேற்கே. வீடு கோட்டுக்கு அந்தப் பக்கம், கடலுக்குள்.

பர்ஹானாவின் குரல் இறங்கிவிட்டது. “இன்னைக்கு இரிக்கிற இடத்தில போடு புள்ள.”

“இன்னைக்குப் புத்தகம் இல்லையே உம்மா.”

பர்ஹானா அடுப்படிக்குப் போய்விட்டார். நான் அழுதேன். பிள்ளை என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தாள்.

அந்தப் பக்கத்தைப் பதிப்பாளருக்கு அனுப்பினேன். “இப்படி முடித்தால் எந்தப் பள்ளிக்கூடம் வாங்கும்?” என்கிறார். அவரிலும் பிழை சொல்ல முடியவில்லை. முப்பத்திரண்டு பக்கமும் என் மேசையில் கிடக்கின்றன. புத்தகம் வருமோ தெரியாது. வந்தாலும் அது எதைத் தடுக்கப் போகிறது என்று எனக்கே விளங்கவில்லை.

போகிறவர்களுக்கு: மாரியில் போகாதீர்கள், சித்திரைக்குப் பிறகு கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும். தண்ணீர்ப் போத்தலைக் கல்முனையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். போனில் காட்டும் ரோட்டை நம்பாமல் ஓட்டோக்காரரைக் கேளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஒரு பென்சிலும் தாளும் கொடுத்து, கடல் நிற்கும் இடத்தை வரையச் சொல்லுங்கள். கடற்கரையில் நீலக் கேற் போட்ட வீட்டை விசாரியுங்கள். இருந்தால் தேத்தண்ணி தருவார்கள்.