கழுத்துக்கு மேலே வெட்டிய படம்

இரண்டு மாதம் முன்பு ஒரு பட்டாசுக் கம்பெனியின் வெப்சைட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். விட்டேன் என்பதைவிட, என்னைப் போகச் சொன்னார்கள் என்பதுதான் சரி. இரண்டும் ஒரே நிமிடத்தில் நடந்ததால் யார் முந்தினோம் என்று தெரியவில்லை.

இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். சிவகாசியில் வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு யுபிஎஸ், மழை பெய்தால் படுத்துவிடும் ஒரு பிராட்பேண்ட். ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. காலண்டர் கம்பெனிகள் கழித்துப்போடும் வேஸ்ட் ஷீட்டின் பின்பக்கத்தில் முதலில் பென்சிலால் பக்கத்தை வரைவேன். முதலாளி தலையாட்டிய பிறகுதான் கம்ப்யூட்டரில் நோட்பேடைத் திறந்து எச்.டி.எம்.எல். கோடு எழுத உட்காருவேன். ஒரே ஒரு பிடிவாதம் உண்டு – படங்களை நானே எடுப்பேன். இல்லாத ஒன்றின் படத்தைப் போட மாட்டேன்.

அந்தப் பிடிவாதத்தில்தான் வினை வந்தது.

கம்பெனி வெம்பக்கோட்டைப் பக்கம். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். யார் போனாலும் முதலில் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கிற மனிதர். டில்லியில் பெரிய கடைகள் வைத்திருக்கும் ஒரு பார்ட்டி, "உங்க சைட் அட்ரஸ் என்ன?" என்று கேட்டுவிட்டதாம். அதனால் சீசனுக்கு முன்னால் சைட் வேண்டும்.

என் மதினி, அதாவது அண்ணன் மனைவி முத்துமாரி, அதே கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறார். இதை அண்ணாச்சியிடம் நான் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

படம் எடுக்கப் போன அன்று போர்மேன் கேமராவைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். பேட்டரி உள்ள எதுவும் உள்ளே போகக்கூடாது. நியாயம்தானே? சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்து, கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மதினியோடு சேர்த்து எட்டுப் பெண்கள் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள்.

"எங்களையா எடுக்கப் போறீக? இருங்க, மொகத்தக் கழுவிட்டு வாரோம்" என்றார் ஒருவர்.

"கழுவ வேணாம்க்கா. இப்படியே நல்லா இருக்கீக."

முழங்கை வரை அலுமினியப் பொடி. வெயிலில் எட்டுப் பேர் கையும் வெள்ளியாக மின்னியது. சிரிக்கச் சொல்லவில்லை. நேராக கேமராவைப் பார்த்தார்கள். அந்தப் படத்தை ஹோம் பேஜில் போட்டு, கீழே எட்டுப் பெயரையும் எழுதினேன்.

கம்பெனி ஆபீசில் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணாச்சி மானிட்டருக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"நம்ம கம்பெனி ஆளுகதான் அண்ணாச்சி."

"அது தெரியுது. கையெல்லாம் மருந்தாவுல்ல இருக்கு. இதப் பாத்து எவன் ஆர்டர் குடுப்பான்?"

மேசை டிராயரிலிருந்து ஒரு பிரிண்ட் எடுத்து நீட்டினார். ஏதோ ஒரு சீனக் கம்பெனியின் படம். வெள்ளைக் கோட்டு, வாயில் மாஸ்க், கையில் கையுறை – வரிசையாகப் பெண்கள். "இதப் போடுங்க" என்றார்.

"இவுக சீனாக்காரப் பொம்பளைக, அண்ணாச்சி."

"கழுத்துக்கு மேல வெட்டிருங்க. கையும் கோட்டும் தெரிஞ்சாப் போதும். கையப் பாத்து எந்த ஊருன்னு எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்கு யோசிக்கவே நேரம் எடுக்கவில்லை.

"வேற எது வேணும்னாலும் மாத்தித் தாரேன் அண்ணாச்சி. இந்த எட்டுப் பேரு செய்யுற வேலைய, தலையில்லாத யாரோ செய்யுறதாப் போட மாட்டேன்."

"வெப்சைட் போட ஊர்ல ஆளா இல்ல?" என்றார். சத்தம் போடவில்லை. பிறகு மெதுவாக, "ஒங்க மதினி இங்கனதான வேலை பாக்குது?" என்றார்.

அவருக்கு முதலிலிருந்தே தெரியும் என்பது அந்த ஒரு வரியில்தான் புரிந்தது. அதற்காகப் படத்தை மாற்றவில்லை. அதுவரை செய்த பக்கங்களை சிடியில் போட்டு, பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஒருவர் பெயரில் வாங்கிய சைட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு சண்டை போடுவது என் வழக்கமில்லை.

அன்று சாயங்காலம் மதினி வேனை விட்டு இறங்கி வந்து, சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"என்னால ஒங்க வேலைக்கு எதுவும் ஆயிருமோ மதினி?"

"சீசன் நேரத்துல கை பழகின ஆள அனுப்புவாகளாக்கும்? அனுப்புனா அனுப்பட்டும். இந்தப் பக்கம் கம்பெனிக்கா பஞ்சம்?" என்றவர், தண்ணீரை உதறிவிட்டுக் கேட்டார், "அந்தப் பொம்பளைக கையில என்ன மாட்டியிருந்தாகன்னு சொன்ன?"

"கையுறை. வாய்க்கு மாஸ்க்."

"ம்" என்றார். மறுபடியும் சோப்பைக் கையில் எடுத்தார்.

இரண்டு வாரத்தில் சைட் வந்துவிட்டது. மதுரையில் ஒரு கம்பெனி செய்து கொடுத்திருந்தது. ஹோம் பேஜில் தலையில்லாத பெண்கள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி – எங்கள் தொழிலாளர்கள் அனைவருக்கும் கையுறையும் முகமூடியும் வழங்கப்படுகின்றன.

மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் கம்ப்யூட்டர் முன்னால் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வரியைத் தமிழில் படித்துச் சொன்னேன்.

"நெசமாவே அப்பிடி எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு மதினி."

"அத ஒரு தாள்ல எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். ஆங்கில வரிக்குக் கீழே தமிழிலும் எழுதிக் கொடுத்தேன். என்ன நடக்கும் என்று தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கோபம் இருந்தது. செய்தேன்.

அடுத்த திங்கட்கிழமை எட்டுப் பேரும் வேனிலிருந்து இறங்கிக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள். போர்மேன் ஓடிவந்து என்ன பிரச்சினை என்று கேட்டிருக்கிறார்.

"பிரச்சினை ஒண்ணும் இல்லண்ணே" என்றாராம் மதினி. "எங்களுக்குக் கையுறை குடுத்தாச்சுன்னு கம்ப்யூட்டர்ல போட்டிருக்கு. அது எங்கன இருக்குன்னு சொன்னா மாட்டிக்கிட்டு உள்ள போயிருவோம்."

"கையுறை போட்டா பொறி கெளம்பும்த்தா. ஆபத்து."

"நைலான்ல கெளம்பும். பருத்தித் துணில தைக்கச் சொல்லுங்க."

அடுத்தடுத்த வேன்களில் வந்தவர்களும் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். உள்ளே லாரி லோடுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி எனக்குப் போன் செய்தார். "நீங்கதான சொல்லிக் குடுத்தீக?"

"பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன் அண்ணாச்சி. அதுல இருக்கது உங்க சைட்ல எழுதியிருக்கதுதான்."

குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: "அந்த வரிய மட்டும் எடுத்துட்டா?"

"எடுக்கலாம். பாஸ்வேர்டு உங்ககிட்டதான் இருக்கு. டில்லிப் பார்ட்டி ஏற்கெனவே படிச்சிருப்பாகளே."

போனை வைத்துவிட்டார். பத்து மணிக்கு மேல், வாரத்துக்குள் தருகிறோம் என்று போர்மேன் எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகுதான் உள்ளே போயிருக்கிறார்கள்.

அந்த வாரமே பருத்திக் கையுறையும் துணி மாஸ்க்கும் வந்தன. எல்லாம் ஒரே சைஸ், தொளதொளவென்று. மதினி வீட்டில் உட்கார்ந்து தன் கைக்குத் தகுந்தபடி பிடித்துத் தைத்துக்கொண்டார். வெள்ளைக் கோட்டு இன்னும் வரவில்லை. போர்மேன் எட்டுப் பேரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் யாரையும் அனுப்பவும் இல்லை.

எனக்குத்தான் இரண்டு வேலை போனது. அண்ணாச்சியின் சொந்தக்காரர் ஒருவரின் காலண்டர் கம்பெனி சைட்டும் மதுரைக்குப் போய்விட்டது. வருத்தம் இல்லையா? இருக்கிறது. ஆனால், அந்தப் படத்தை வெட்டிப் போட்டிருந்தால் மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவேன்?

சைட் என்றால் எங்கோ தூரத்தில் இருக்கிற யாரோ பார்ப்பதற்கு என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். புதிதாக யார் வேலை கொடுக்க வந்தாலும் வேஸ்ட் ஷீட்டை விரிப்பதற்கு முன்பே இப்போது சொல்லிவிடுகிறேன் – "நீங்க போடுற சைட்ட உங்க ஆளுகளும் படிப்பாக."

கேட்டதும் எழுந்து போனவர்கள் உண்டு. போகட்டும்.